ஊட்டியில் பழகிய கை ஆல்ப்ஸில் ஓட்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். நீங்களும் கல்லூரி நண்பர் ஒருவரும் கோயம்புத்தூர்க்காரர்கள். ஊட்டிக்கு முப்பது தடவையாவது காரில் ஏறி இறங்கியிருக்கிறீர்கள். வரும் மே மாதம் ஒன்பது நாள் லீவு போட்டு, சுவிட்சர்லாந்தில் வாடகைக் கார் எடுத்து, ஃபுர்கா, கிரிம்சல், அப்புறம் இத்தாலியில் ஸ்டெல்வியோ வரை ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் ஓட்டிப் பார்க்க ஆசை. ஊட்டி அனுபவம் அதற்குப் போதுமா, லைசென்ஸுக்கு என்ன செய்வது? எந்தக் கணவாய் எத்தனை மீட்டர், எதில் எத்தனை கொண்டை ஊசி வளைவு என்பதெல்லாம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஆகவே உங்களுக்குத் தெரிய வேண்டியது ரோட்டைப் பற்றி இல்லை. உங்கள் கைக்கும் காலுக்கும் படிந்துபோன பழக்கத்தில் எது அங்கே செல்லும், எது செல்லாது என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் குன்னூர்க்காரன். பதினோரு வருடம் டாக்ஸி ஓட்டினேன், அதற்குப் பிறகு பதினாறு வருடமாக டிரைவிங் ஸ்கூல். 2019 ஜூலையில் என் நண்பரின் மகள் சூரிக்கில் இருந்ததால் நாங்கள் இருவரும் போய், நீங்கள் சொல்லும் அதே ரோடுகளில் எட்டு நாள் ஓட்டினோம். நண்பர் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆக, மலை இறக்கத்தைப் பற்றி நான் சொல்வது இருபத்தேழு வருடத் தொழில். ஐரோப்பாவைப் பற்றிச் சொல்வது சட்டமாக இருந்தால் சட்டம் என்றே சொல்கிறேன், மீதியை எட்டு நாள் அனுபவம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். பனி கிடக்கும் ரோட்டில் நான் ஓட்டியதே இல்லை. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

முதலில் மே மாதத்தை மாற்றுங்கள். நமக்குக் கோடை என்றால் ஏப்ரல், மே. ஆல்ப்ஸ் கணவாய்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஃபுர்கா, கிரிம்சல், சுஸ்டன் மூன்றும் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ பனிக்காக மூடப்படும். மறுபடி திறக்க மே கடைசி, பல வருடங்களில் ஜூன் ஆகிவிடும். ஸ்டெல்வியோவும் அப்படித்தான். திறக்கிற தேதி அந்தந்த வருடப் பனியைப் பொறுத்தது, அதனால் ஆறு மாதம் முன்பே யாராவது தேதி சொன்னால் நம்பி டிக்கெட் போடாதீர்கள். ஜூன் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் வரை என்றால் பெரும்பாலும் கவலையில்லை. மே மாதம்தான் லீவு கிடைக்கும் என்றால் யூலியர், பெர்னினா, சிம்ப்லோன், மலோயா ஆகியவற்றை வைத்துத் திட்டம் போடுங்கள். இவை வருடம் முழுக்கத் திறந்து வைக்கப்படுபவை, பலத்த பனி கொட்டும் நாட்களில் மட்டும் நிறுத்துவார்கள். யூலியர் 2284 மீட்டர், பெர்னினா 2328 மீட்டர். இரண்டுமே நம் ஊட்டியை விட உயரம்தான். ஃபுர்கா மூடியிருந்தாலும் அந்தப் பக்கம் போக வழி உண்டு. ரெயால்ப் என்ற ஊரில் காரை ரயிலில் ஏற்றி, காருக்குள் உட்கார்ந்தபடியே பதினைந்து கிலோமீட்டர் சுரங்கத்தைக் கடந்து ஓபர்வால்டில் இறங்கலாம். நல்ல வேடிக்கைதான், ஆனால் நீங்கள் போவது வளைவுக்காகத்தானே.

காகித விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சர்வதேச ஓட்டுநர் அனுமதி உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் கிடைக்கும். படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். இணையத்தில் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று டாலரில் விற்கிறவர்களிடம் வாங்கினால் அது வெறும் அட்டை. அசல் லைசென்ஸ் கையில் இல்லாமல் அனுமதி மட்டும் இருந்தால் அதற்கும் மதிப்பில்லை, இரண்டையும் கொண்டு போங்கள். சுவிட்சர்லாந்தில் வெளிநாட்டு லைசென்ஸைப் பன்னிரண்டு மாதம் வரை ஏற்கிறார்கள். இத்தாலியில் அனுமதியும் சேர்த்துக் கேட்பார்கள். எனவே எடுக்காமல் போகாதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் ஓட்டுநராக இருக்க வேண்டும். பெயர் இல்லாத நண்பர் ஓட்டி உரசினால் காப்பீடு கை கழுவிவிடும். இத்தாலிக்குள் காரைக் கொண்டுபோக அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சுவிஸ் நெடுஞ்சாலைகளுக்கு வருடத்துக்கு 40 ஃபிராங்க் ஸ்டிக்கர் வேண்டும். அங்கேயே எடுக்கிற வாடகைக் காரில் ஏற்கெனவே இருக்கும், இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, மலைக்கு வருவோம். ஏற்றத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. இப்போதைய கார்கள் தாமாகவே ஏறும். இறக்கத்தில்தான் ஆள் யார் என்று தெரியும், அதில் ஊட்டி அனுபவம் உங்களுக்கு முழுசாகச் செல்லும். கணக்கைப் பாருங்கள். குன்னூர் சுமார் 1850 மீட்டர், மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். இரண்டு பேர், பெட்டிகள் எல்லாம் சேர்த்து ஒன்றரை டன் கார் ஒன்றை அந்த உயரத்திலிருந்து கீழே கொண்டுவருவதென்றால், ஏறக்குறைய ஆறு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தியை எங்கேயாவது செலவழித்தாக வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஆறு மணி நேரம் போட்டு வைத்த சூடு அது. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்கும். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் பேட் காய்ந்து, பிரேக் ஆயிலில் குமிழி கட்டி, மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பர்லியாருக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்திலிருந்து புகை வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற குடும்பங்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்னதைத்தான் நானும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

இப்போது கிரிம்சல் கணக்கு. உச்சி 2164 மீட்டர், வடக்கே இறங்கினால் இன்னர்ட்கிர்ஹன் 625 மீட்டர், தூரம் சுமார் இருபத்தாறு கிலோமீட்டர். ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் இறங்குகிறீர்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். உங்கள் காலுக்கு அந்த இறக்கம் தெரியும். ஸ்டெல்வியோ இன்னும் கொஞ்சம் கடுமை. 2757 மீட்டரிலிருந்து பிராட்டோ கிராமத்துக்கு வருவதற்குள் 1800 மீட்டருக்கு மேல் இறக்கம், நாற்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட கல். நம் கல்லட்டி மலைப்பாதையில் முப்பத்தாறு. எண்ணிக்கையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஸ்டெல்வியோ வளைவுகள் கல்லட்டி அளவுக்குச் செங்குத்து இல்லை, ஆனால் இறுக்கமானவை. இரண்டு கார் ஒரே நேரத்தில் திரும்ப முடியாத இடங்கள் இருக்கின்றன. உயரத்தைப் பற்றிய பயத்தையும் விட்டுவிடுங்கள். தொட்டபெட்டா 2637 மீட்டர். ஃபுர்காவின் 2429ஐ விட அது இருநூறு மீட்டர் அதிகம். அங்கே மரம் இல்லாமல் மொட்டைப் பாறையும் பனிப் படுகையும் தெரிவதால்தான் ஏதோ வானத்தில் நிற்கிற மாதிரி மனசு நினைத்துக்கொள்கிறது.

ஆட்டோமேட்டிக் கார் எடுங்கள் என்பது என் யோசனை. அங்கே மேனுவல்தான் மலிவு, ஆனால் கியர் லீவர் வலது கைக்கு வந்துவிடும், உங்கள் இடது கை கதவில் போய் இடிக்கும். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் வரிசை மாறாது என்பது ஒரு ஆறுதல். ஆனால் ஆட்டோமேட்டிக் எடுத்தால் 'டி'யிலேயே விட்டுவிட்டு இறங்காதீர்கள். மேனுவல் மோடு இருந்தால் கியரை இறக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். சில ஹைபிரிட் கார்களில் 'B' என்று ஒரு நிலை இருக்கும் (பார்க்கிங் 'P' இல்லை), அது இறக்கத்துக்குத்தான். மின்சாரக் கார் என்றால் உச்சியில் பேட்டரி நிறைந்திருக்கக் கூடாது. நிறைந்திருந்தால் இறக்கத்தில் வருகிற சக்தியை வாங்கிக்கொள்ள அதற்கு இடமிருக்காது, பாரம் முழுக்க பிரேக்குக்குப் போகும். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிற பழக்கம் உங்கள் இருவரில் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இனி செல்லாத பழக்கம். அங்கே ரோட்டின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிவது வேறு, கைக்கு வருவது வேறு. போக்குவரத்து நிறைந்த ரோட்டில் நீங்கள் தப்பு செய்ய மாட்டீர்கள், முன்னால் போகிறவனைப் பார்த்துப் போய்விடுவீர்கள். ஆள் இல்லாத ரோட்டில், அதுவும் எங்கேயாவது நிறுத்திவிட்டுக் கிளம்பும்போதுதான் கை பழைய இடத்துக்குப் போகும். எனக்கு ஆண்டர்மாட் ஊரில் அது நடந்தது. காலை ஆறரை மணி, பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வந்தேன், ரோடு காலி. சுகமாக இடப்பக்கம் ஏறி இருநூறு மீட்டர் போயிருப்பேன். எதிரே பால் வண்டி ஒன்று விளக்கை அணைத்து அணைத்துப் போட்டதும் நண்பர் "ரைட்டு! ரைட்டு!" என்று கத்தினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் ரைட்டு என்றால் போலாம் என்றுதானே அர்த்தம். நாற்பது வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டால் வண்டி நகர வேண்டும் என்றே பழகிய காது. பால் வண்டிக்காரர் ஒதுங்கி நின்றுவிட்டதால் இதை எழுதுகிறேன். அன்றிலிருந்து எங்களுக்குள் 'வலது', 'இடது' மட்டும்தான், ரைட்டுக்குத் தடை. சிரிக்காதீர்கள், நீங்களும் இதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நுணுக்கமான ஒன்று இருக்கிறது. இங்கே உங்களுக்கு இடப்புறம்தான் காரின் பெரும்பகுதி இருக்கிறது. அங்கே வலப்புறம். உடம்பு ரோட்டில் பழகிய இடத்தில் உட்காரப் பார்க்கும், அதனால் கார் தன்னையறியாமல் வலது ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போகும். சமவெளியில் நடைபாதைக் கல் உரசும், அவ்வளவுதான். மலையில் வலப்புறம் பாறையாக இருக்கும் அல்லது ஒன்றுமே இருக்காது. ஃபுர்காவில் சில இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது, கல் மட்டும் நட்டிருப்பார்கள். எங்கள் வாடகைக் காரின் வலது முன்சக்கர ரிம்மில் இரண்டாம் நாளே கீறல். டயரும் ரிம்மும் காப்பீட்டில் வராது என்று அந்த வாடகை நிறுவனம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது அவர்கள் வாங்கிய பணத்தில் ஊட்டியில் நான்கு டயர் போட்டிருக்கலாம். இடது கண்ணாடியில் நடுக்கோட்டை அடிக்கடி பாருங்கள். கோடு உங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் கார் சரியான இடத்தில் இருக்கிறது.

வளைவும் தலைகீழ். நம் மலையில் இடது கொண்டை ஊசி உள்வட்டம்: இறுக்கம், செங்குத்து, ஃபர்ஸ்ட் கியர். வலது கொண்டை ஊசி வெளிவட்டம்: அகலம், சுலபம். அங்கே வலது வளைவுதான் உள்வட்டம். முப்பது தடவை ஊட்டி ஏறிய மனசு வலது வளைவைப் பார்த்ததும் 'அகலமாகத் திரும்பு' என்று சொல்லும். அப்படித் திரும்பினால் எதிரே இறங்கி வருகிறவனின் பாதையில் இருப்பீர்கள். முதல் நாள் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் 'உள்ளே' அல்லது 'வெளியே' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் இருபது வளைவுக்குள் பழகிவிட்டது. இண்டிகேட்டர் கதையும் இருக்கிறது. நம் ஊர் மாருதி, ஹூண்டாயில் அது ஸ்டியரிங்கின் வலப்புறம், அங்கே இடப்புறம். வெயிலில் வைப்பர் ஆடிக்கொண்டு ஒரு கார் திரும்பினால் உள்ளே நம் ஆள்தான்.

ரவுண்டானாவை வலமிருந்து இடமாக, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை. அது சின்னக் கிராமத்துச் சந்தாக இருந்தாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும். இது மரியாதை சார்ந்த விஷயம் இல்லை, சட்டம்.

அப்புறம் ஹாரன். இதுதான் நம் மலை டிரைவர்களுக்குப் பெரிய அடி. குன்னூர் மலைப்பாதையில் நாம் பாதி கண்ணால் ஓட்டுகிறோம், பாதி காதால். மறைவான வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிப்போம், மேலே இருந்து பஸ் பதில் ஹாரன் அடிக்கும், சத்தத்தை வைத்தே எவ்வளவு தூரத்தில் வருகிறான், லாரியா பஸ்ஸா என்று கணக்குப் போட்டு ஒதுங்குவோம். அங்கே பாதுகாப்புக்குத் தேவை என்றால்தான் ஹாரன். எல்லோரும் சத்தமில்லாமல் வருகிறார்கள், அவரவர் கோட்டுக்குள் வருகிறார்கள். ஆகவே காதுக்குப் பதிலாக வேகத்தைக் குறைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். ஒரே வண்டி போகிற அகலம் என்றால் அந்தத் தூரத்தில் பாதிக்குள் நிறுத்த முடிய வேண்டும். ஊருக்கு வெளியே 80 என்று பலகை இருக்கும். அது உச்ச வரம்புதான், நீங்கள் எட்டிப் பிடிக்க வேண்டிய எண் இல்லை. நாங்கள் பெரும்பாலும் 40ல் போனோம். பின்னால் உள்ளூர்க்காரர் வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி விட்டுவிடுங்கள். கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். வளைவுக்குள் முந்துவதை மட்டும் கனவிலும் நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டமாக வருவார்கள், சிலர் வளைவை அறுத்துக்கொண்டு வருவார்கள். சைக்கிள்காரர்கள் இறக்கத்தில் உங்களை விட வேகம். முடிந்தால் பெரிய கணவாய்களை வார நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, எனக்கு அது ரொம்பப் பிடித்தது. நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது மலைத் தபால் பஸ் ரோடு. மஞ்சள் நிற பஸ் ஒன்று மறைவான வளைவுகளுக்கு முன்னால் மூன்று சுரத்தில் ஹாரன் ஊதிக்கொண்டு வரும். அந்த ரோட்டில் பஸ் டிரைவர் 'நில்', 'பின்னால் போ' என்று கைகாட்டினால் மற்ற வண்டிகள் கேட்டுத்தான் ஆக வேண்டும், அப்படிச் சட்டமே இருக்கிறது. ரெயால்ப் பக்கமிருந்து ஃபுர்கா ஏறும்போது குறுகலான இடத்தில் எங்களுக்கு எதிரே ஒன்று வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது நம் ஊரிலும் விதி, அங்கேயும் விதி. ஆனால் நான் ஒதுங்கும் இடம் எனக்குப் பின்னாலேயே பத்தடியில் இருந்தது. டிரைவர் கையை மெல்ல அசைத்தார். நான் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலது தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து ரிவர்ஸ் எடுத்தேன். இத்தனை வருடத் தொழில்காரனுக்கு வேர்த்துவிட்டது, ஏனென்றால் ரிவர்ஸில்தான் உடம்பு முழுக்க மாற வேண்டியிருக்கிறது. காரை எடுத்ததும் அந்த ஊர் சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே அரை மணி நேரம் ரிவர்ஸ் பழகுங்கள். முடிந்தால் சரிவான இடத்தில்.

மூடுபனி உங்களுக்குப் புதிதில்லை. லோ பீம் போடுங்கள். நம் மலையில் எல்லோரும் செய்கிற மாதிரி நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அது நின்றுவிட்ட வண்டிக்கான விளக்கு. சுவிட்சர்லாந்தில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம்.

நண்பரைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் பயணத்தின் பாதி அவர்தான். பக்கத்து சீட்டில் உட்காருபவரை நாம் விருந்தாளி மாதிரி நினைக்கிறோம். மலையில் அவர் கிளீனர். லாரி கிளீனர் ஏறும்போதும் இறங்கும்போதும் என்ன செய்வாரோ அதைச் செய்ய வேண்டும்: வலது ஓரத்தைப் பார்க்க வேண்டும், மேல் வளைவில் வருகிற வண்டியைக் கீழிருந்தே எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு தடவை நின்று கிளம்பும்போதும் 'வலது' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். போன் மேப்பைப் பார்ப்பது அவர் வேலை, போட்டோ எடுப்பது அவர் ஓய்வு நேர வேலை. அவர் கத்தினால் கோபப்படக் கூடாது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குள் மூன்றாம் நாள் நல்ல சண்டை. "நீ என்ன எனக்குக் கத்துக்குடுக்கற?" என்று நான் கேட்டுவிட்டேன். அவர் கிரிம்சல் உச்சி வரை வாயே திறக்கவில்லை, அந்த ஒரு மணி நேரம்தான் நான் மோசமாக ஓட்டியது. மாற்றி மாற்றி ஓட்டுவதானால் நாளுக்கு நாள் மாற்றிக்கொள்ளுங்கள், மணிக்கு மணி வேண்டாம். கைக்குப் பழக ஒரு முழு நாள் தேவைப்படுகிறது. பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத்தான் தலைசுற்றலும் குமட்டலும் அதிகம். அவர் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தால் உறுதியாக வரும்.

எங்கே போவது என்பதில் என் விருப்பத்தைச் சொல்கிறேன், சட்டம் இல்லை. ஆண்டர்மாட்டில் தங்கி, ஃபுர்கா ஏறி, கிளெட்ஷ் இறங்கி, கிரிம்சல் ஏறி இன்னர்ட்கிர்ஹன் இறங்கி, சுஸ்டன் வழியாக வாசன் வந்து மறுபடி ஆண்டர்மாட். சுமார் 120 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு முழு நாள் கொடுங்கள். ஃபுர்காவின் அந்தப் பக்கத்தில் ரோன் நதி பிறக்கிற பனிப்பாறை. வெயிலில் உருகாமல் இருக்க அதன் ஒரு பகுதியை வெள்ளைத் துணியால் போர்த்தியிருந்தார்கள். பார்க்க வருத்தமாக இருந்தது. அதே மலையில் கோடையில் ஒரு நீராவி ரயில் ஓடுகிறது, தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம். நண்பர் ஜன்னலை இறக்கிவிட்டு "டேய், நம்ம குன்னூர் ரயிலு!" என்றார். தப்பில்லை. மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயிலின் பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூரில் செய்தவை, அந்தப் பல்சட்ட முறையைக் கண்டுபிடித்த ரோமான் ஆப்ட்டும் அந்த நாட்டுக்காரர். ஃபுர்காவிலும் அதே முறைதான்.

ஸ்டெல்வியோவை நான்காவது நாளுக்குப் பிறகு வையுங்கள், முதல் நாள் வேண்டவே வேண்டாம். சுவிட்சர்லாந்தின் சாண்டா மரியா ஊரிலிருந்து இத்தாலிக்குள் பிராட்டோ போய், அங்கிருந்து நாற்பத்தெட்டு வளைவும் ஏறி, உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கி, உம்பிரைல் கணவாய் வழியாகத் திரும்ப சாண்டா மரியாவுக்கே வந்துவிடலாம். கடினமான பக்கத்தை ஏற்றமாக வைத்துக்கொள்வதுதான் இதில் லாபம். பிரேக்குக்கும் நல்லது, நரம்புக்கும் நல்லது. காலை எட்டு மணிக்குள் பிராட்டோவில் இருங்கள். இத்தாலியில் பெட்ரோல் போடும்போது 'காசோலியோ' என்று எழுதியிருக்கும் பம்பைப் பார்த்து கேசோலின் என்று நினைத்துவிடாதீர்கள், அது டீசல். பெட்ரோலுக்கு 'பென்சினா'.

கிளம்பும் முன் இங்கேயே பழக வேண்டுமா என்றால், வேண்டும். மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறுங்கள். வெளியூர் வண்டிகளை அந்த வழியாக இறங்க விடுவதில்லை. காரமடையிலிருந்து மஞ்சூர் போகிற ரோட்டில் நாற்பத்து மூன்று வளைவு, குறுகல், கூட்டம் குறைவு. உங்கள் வண்டி கோவை பதிவு என்பதால் இ-பாஸ் எடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு ரோட்டிலும் ஒரே ஒரு நிபந்தனை: ஹாரனைத் தொடாமல் ஏற முயற்சி செய்யுங்கள். நம் ஊரில் முழுசாக முடியாது, எதிரே வருகிறவர் உங்கள் ஹாரனை நம்பித்தானே வருகிறார். ஆனால் எத்தனை தடவை கை தானாகப் போகிறது என்று எண்ணிப் பார்த்தாலே எவ்வளவு காதால் ஓட்டுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக, திரும்பி வருகிற நாள். விமானத்திலிருந்து இறங்கி, பார்க்கிங்கில் விட்டுப்போன காரை எடுத்து நீங்களே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகத் திட்டமிருந்தால் அதை மாற்றுங்கள். நாங்கள் கோவையில் விடிகாலை நான்கரை மணிக்கு இறங்கினோம். என் காரில் நான்தான் ஓட்டினேன், எட்டு நாள்தானே, இத்தனை வருடப் பழக்கம் எங்கே போய்விடும் என்ற நினைப்பு. மேட்டுப்பாளையம் வரை லாரிகள் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. கல்லாறு தாண்டி ரோடு காலியானதும் முதல் வளைவிலேயே நான் வலப்பக்கம் ஏறிவிட்டேன். வைப்பர் வேறு ஆடிக்கொண்டிருந்தது. தூங்கிக்கொண்டிருப்பதாக நான் நினைத்த நண்பர் கண்ணைத் திறக்காமலேயே "இடது" என்றார்.